நீலத் தொப்பியும் சைனம்புவின் குடமும்

திண்டுக்கல்

அன்புள்ள மைத்துனன் ஸ்டீபன்ராஜுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அக்காள் அல்போன்சாவும் சுகம். தெற்கு சூடானில் ஐ.நா. அமைதிப்படையில் நிற்கும் உன் சுகமறிய ஆவல். போனில் பேசினால் உன் அக்காள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் கடிதம்.

எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் எங்கள் காம்பவுண்டில், முந்தின நாளே குடம் வைத்து வரிசை பிடிப்பது வழக்கம். முதலில் இருந்த பக்கத்து வீட்டு சைனம்புவின் குடம் ஒருநாள் கடைசிக்குப் போயிருந்தது. அதற்கு அடுத்து நின்று, இப்போது முதலுக்கு வந்த குடம் உன் அக்காளுடையது; பழி அவள்மேல் விழுந்தது. இருபது வருட சிநேகிதம் அன்றோடு முறிந்தது. ரம்ஜான் நோன்பு தொடங்கியும் அந்த வீட்டுக் கஞ்சி வரவில்லை. சாயந்திரமானால் உன் அக்காள் தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு அழுகிறாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? ஒரு நாட்டை அடித்தால் எல்லா நாடும் சேர்ந்து கேட்பது என்றுதானே முதலில் சர்வதேச சங்கம், அது படுத்ததும் ஐ.நா.? அதேபோல, ஒருவர் முறை தவறினால் மற்ற நாலு வீடும் தட்டிக்கேட்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வீட்டு ஓனர் கருப்பணன் மட்டும், "நான் வேணாம்னா வேணாம். அதையும் எழுதுனாத்தான் போடுவேன்" என்றார். எழுதினேன். முதல் தண்ணீர் நாளிலேயே குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சியவர் அவரேதான். நாலு வீடும் கை தூக்கினோம். "வேணாம்" என்றார். கூட்டம் முடிந்தது.

அடுத்த தண்ணீர் நாளில், நீ அனுப்பிய நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு இரண்டு குடத்துக்கும் நடுவில் போய் நின்றேன். இரு தரப்பும் சம்மதித்தால்தான் அமைதிப்படை வரலாமாமே. நான் கேட்காமலே போய்விட்டேன்.

"யாராச்சும் குடத்தைத் தள்ளுனா என்ன சார் செய்வீங்க?" என்றாள் சைனம்பு.

"பாத்து எழுதிக்குவேம்மா."

"அம்புட்டுதானா?"

"வீட்டுலயும் இம்புட்டுதான் சைனம்பு," என்று உன் அக்காள் சிரித்துவிட்டாள். சைனம்புவும் சிரித்தாள். சமாதானம்.

ஒரு சந்தேகம். முதலில் வெறுங்கையோடு சண்டை நிறுத்தத்தை மேற்பார்க்கப் போன உங்கள் ஐ.நா.காரர்களுக்கு அப்புறம் ஏன் துப்பாக்கி கொடுத்தார்கள்? கொடுத்துவிட்டு, லேசில் சுடக் கூடாது என்று ஏன் கட்டிப்போட்டார்கள்? சிரிக்க வைத்துப் பார்த்தீர்களா?

தேவமாதா உனக்குத் துணையிருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சிலுவைமுத்து

பின்குறிப்பு: படித்ததும் கிழித்துவிடு. அந்தக் குடத்தைத் தள்ளியது உன் அக்காள் இல்லை. ஸ்கூட்டரை எடுக்க வழியில்லாமல் நகர்த்தியவன் நான். திரும்பி வந்து எடுத்து வைக்க மறந்துவிட்டேன். தான் தள்ளவில்லை என்று அவள் சத்தியம் பண்ணியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அமைதிப்படைக்காரனே தப்பு செய்தால் எந்த ஊர்ச் சட்டத்தில் விசாரிப்பார்கள்? நேற்றிலிருந்து கஞ்சி வருகிறது. உன் பதிலை உன் அக்காள்தான் முதலில் பிரிப்பாள்; அதனால் அதைப் பெருநாள் பிரியாணிக்கு அப்புறம் அனுப்பு.