வாலில் எங்கே துளை போடுவது?

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மகள் நலம், பேரப்பிள்ளைகள் நலம், கொட்டகையில் கிளைடரும் நலம். நான் மட்டும் சுமார். தங்கள் இதயமும் அத்தையின் முழங்காலும் டாக்டர் பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன்.

தாங்கள் கேட்ட அறிக்கை இதுதான். தங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அறிக்கை என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இஞ்சின் இல்லாத விமானத்துக்குக் காற்றுதான் இஞ்சின். அந்தக் காற்று நம்மைத் தூக்குகிறதா, இறக்குகிறதா என்று ஓட்டுபவர் முன்னால் இருக்கும் பலகையில் ஒரு முள் சொல்லும். முள்ளுக்கு மூச்சு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல் அளவுக் குழாயிலிருந்து போகிறது. நம் கிளைடரில் அது மூக்கருகே இருந்துகொண்டு வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்ததால், வாலுக்கு மாற்றச் சொன்னீர்கள். வாலில் எங்கே என்று மட்டும் சொல்லாமல், "ரெண்டு பேரும் ஆளுக்கொரு இடம் சொல்லுங்க. யார் இடம் சரியோ அவர் இந்த சீசன்ல என்னை முதல் தடவை கூட்டிட்டுப் போகட்டும், நான் பின் சீட்டுல உட்கார்ந்து வரேன்" என்று போனை வைத்துவிட்டீர்கள். தாங்கள் தனியாகப் பறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, தங்களைப் பின்னால் உட்காரவைத்து ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. தங்களிடம் இதை நான் சொன்னதில்லை. சகலை சொல்லியிருப்பார். அவருக்குச் சொல்ல வரும்.

சகலை நல்லவர். அதை முதலில் எழுதச் சொல்லித் தங்கள் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆறடி உயரம். வாலின் உச்சியை ஏணி இல்லாமல் துடைக்கிறார். கிளைடரில் நான் முக்கி முனகி ஒரு மணி நேரம் மேலே நின்றால், அவர் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிவந்து, "சும்மா அதிர்ஷ்டம் சகலை" என்கிறார். அந்த 'சும்மா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாங்களும் என்னை 'மாப்பிள்ளை' என்கிறீர்கள், அவரை 'நம்ம பிள்ளை' என்கிறீர்கள். பதினெட்டு வருஷமாக நான் மாப்பிள்ளையாகவே இருக்கிறேன்; அவர் வந்த ஆறே வருஷத்தில் பிள்ளையாகிவிட்டார். சரி, அது கிடக்கட்டும்.

அவர் சொன்ன இடம், நிமிர்ந்து நிற்கும் வாலின் முன் விளிம்பில், முக்கால் உயரத்தில், உச்சியில் படுத்திருக்கும் குட்டிச் சிறகுக்கு நன்றாகக் கீழே, குழாய் ஒரு முழம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். நான் சொன்ன இடம், அந்த வால் தொடங்குவதற்கு முன்னால், உடம்பின் முதுகு மேலேயே, கைக்கு எட்டுகிற மாதிரி. துடைக்கச் சுலபம், குழாயிலிருந்து பலகைக்குப் போகும் டியூபும் மிச்சம். அதற்கு அவர், "இறக்கை கலைச்சுவிட்ட காத்து நேரா அந்த முதுகு மேலதான் வரும் சகலை. மேல போனாத்தான் கலையாத காத்து கிடைக்கும்" என்கிறார். உயரமானவர்களுக்கு எல்லா நல்லதும் மேலேதான் இருக்கும் போலிருக்கிறது.

முதலில் கம்பளி நூல் சோதனை. தங்கள் மகள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரில் ஒரு கையைப் பிரித்து, சாண் சாணாக வெட்டி, வால் முழுக்க டேப் போட்டு ஒட்டினேன். அந்த ஸ்வெட்டர் சகலைக்காகப் பின்னியது என்று எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கையில் சின்ன கேமரா வைத்துப் பறந்து படம் எடுத்தோம். அவர் இடத்தில் நூலெல்லாம் எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி படிந்து கிடந்தது. என் இடத்தில் ஒவ்வொரு நூலும் பேயாட்டம் ஆடியது. நான் விடுவேனா? "ஆடுற நூலுக்குத்தானே உயிர் இருக்கு? படுத்துக்கிடக்கிற நூலுக்குக் காத்தே வரலைன்னு அர்த்தம்" என்றேன். "அப்படியும் பார்க்கலாம்" என்றார். பாருங்கள் மாமா, விட்டுக்கொடுக்கிற மாதிரியே பேசி ஆளை மட்டம் தட்டுவதை!

அதனால் நிஜச் சோதனையில் இறங்கினோம். குழாயைச் செருக வாலில் போடப்போவது ஒரே ஒரு துளை, போட்டபின் ஐயோ அப்பா என்றாலும் மாற்ற முடியாது. ஆகவே துளை போடாமலேயே இரண்டு இடத்திலும் இரண்டு குழாயை டேப் சுற்றிக் கட்டி, இரண்டு வெள்ளை டியூபை வெளியிலேயே ஒட்டிக் கொண்டுவந்து, பலகையில் இன்னொரு முள்ளையும் பொருத்தி, இரண்டிலும் மாட்ட ஏற்பாடு. இடது முள் எனக்கு, வலது முள் அவருக்கு. பலகைக்குப் பின்னால் ஆறடி ஆள் நுழைய முடியுமா? நான்தான் நுழைந்தேன். தலையை உள்ளே விட்டு, மல்லாந்து படுத்து, கால் இரண்டும் வெளியே தொங்க, மூக்கில் தூசி விழ, தும்மிக்கொண்டே இரண்டு டியூபையும் மாட்டிவிட்டு வந்தேன். இந்த வேலை என் ஒருவனால் மட்டும்தான் முடியும் என்பதைத் தாங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பறந்தோம். நான் முன்னால், அவர் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி. ஓட்டும் குச்சியை லேசாக இழுத்தேன். வலது முள், அதாவது அவருடையது, காற்று தூக்காமலே 'ஏறுது ஏறுது' என்று துள்ளியது. வளைத்தால் வெடவெடவென்று நடுங்கியது. இடது முள், அதாவது என்னுடையது, எதற்கும் அசையாமல் இருந்து, காற்று நிஜமாகத் தூக்கியபோது மட்டும் நிதானமாக ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மாமா. "பாத்தீங்களா சகலை, பாத்தீங்களா!" என்று கத்தினேன். அவர் இன்னும் கொஞ்சம் எட்டி இரண்டு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "நல்லா இருக்கு சகலை" என்றார். அதோடு விட்டாரா? இறங்கியதும் மெதுவாக, "துளை போடறதுக்கு முன்னாடி டியூபை மட்டும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்கிறார். பொறாமை மாமா, வயிற்றெரிச்சல்! அடுத்தவன் நன்றாக இருந்தால் பொறுக்காத குணம் மனுஷனுக்கு இருக்கவே கூடாது. எனக்கெல்லாம் அது சுட்டுப்போட்டாலும் வராது.

ஆகவே துளை முதுகில். முன் சீட்டில் நான், பின் சீட்டில் தாங்கள். சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும், மறுநாளே துளை போட்டுவிடுகிறேன். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் ஆசி எனக்கு முழுதாகவும், சகலைக்குப் போதுமான அளவும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தங்கள் மகள் கொட்டகையிலிருந்து வந்தாள். வாலில் மிச்சமிருந்த கம்பளியை எடுக்கப் போனவள், சும்மா வராமல் மேல் குழாயிலிருந்து டியூபை விரலால் தடவிக்கொண்டே பலகைவரை போயிருக்கிறாள். "ஏங்க, அவரோட டியூப் உங்க முள்ளுல இல்ல மாட்டியிருக்கு?" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். மல்லாந்து படுத்த ஆளுக்கு இடது வலதாகிவிட்டிருக்கிறது. துள்ளியதும் நடுங்கியதும் என் குழாய். நான் கண்ணீர் விட்டது அவர் குழாய்க்கு.

இது போதாதென்று தங்கள் சின்ன மகளுக்குப் போன் போட்டாள். அவள் சொல்கிறாள்: "அவருக்கு அன்னிக்கு மேல பறக்கும்போதே தெரியும்க்கா. அத்தான் இவ்வளவு சந்தோஷப்பட்டுப் பார்த்ததே இல்ல, அப்பாவை அவரே கூட்டிட்டுப் போகட்டும், துளையை மட்டும் எப்படியாவது பேசி மேல போட வெச்சுடறேன்னு சொன்னார்." முள்ளில் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் மாமா. பெருந்தன்மையிலுமா அவர் மூன்று மணி நேரம் மேலே நிற்க வேண்டும்?

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்படியே அனுப்புங்க, அப்பா சிரிச்சு எத்தனை நாளாச்சு" என்று தங்கள் மகள் பிடுங்கிக்கொண்டாள். ஆகவே துளை மேலே, அவர் சொன்ன இடத்தில். முன் சீட்டில் அவர், பின் சீட்டில் தாங்கள். ஆனால் துளையை நான்தான் போடுவேன்; துளை போடுவதில் என் கை அவர் கையைவிட நிதானம், இதை அவரே ஒப்புக்கொள்வார். அந்த உயரத்துக்கு எனக்கு ஏணி வேண்டும், ஏணியைப் பிடிக்க நம்பிக்கையான ஆளும் வேண்டும். நம்ம பிள்ளையை வரச் சொல்லுங்கள். நான் கூப்பிட்டதாகச் சொல்ல வேண்டாம்.