இருசப்பன் பாடினால் மழை

"டேய் இருசப்பா! வாயை மூடுடா!"

மேஸ்திரி தேசப்பன் உப்பளத்து வரப்பில் ஓடி வந்தார். இருசப்பன் தொண்டையைத்தான் கனைத்திருந்தான்.

"பாடலீங்க மேஸ்திரி. இருமினேன்."

"இருமறதையும் ஊர்ப்பக்கம் போயி இருமு. பாத்தியில உப்பு பூத்து நிக்குது."

அது எழுபத்து நாலாம் வருசக் கோடை. மாசியில் அம்மன் திருவிழாவில் மைக் பிடித்து, தானே கட்டிய பாட்டைப் பாடினான் இருசப்பன். 'வெயிலே போகாதே, என் வீட்டுல யாருமில்ல.' பாட்டு முடிவதற்குள் மழை. வார வேண்டிய உப்பெல்லாம் கரைந்து போனது. பங்குனியில் ஒரு கல்யாணத்தில் பாடினான். மறுபடியும் மழை. அதோடு மரக்காணத்தில் அவன் பாட்டுக்குத் தடை.

மெட்ராஸ் ரேடியோவில் பாட ஆசைப்பட்டவன். இப்போது காது கொடுக்க ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

சேதி பிரம்மதேசம் வரை போனது. அங்கே பயிர் காய்ந்து கிடந்தது. வண்டி கட்டி வந்து கூட்டிப்போனார்கள். மாலை போட்டு மைக் கொடுத்தார்கள். இருசப்பன் கண்ணை மூடிப் பாடினான். திறந்தபோது ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா, மழைக்குக் கூப்ட்டா நீ வெயிலைக் கொஞ்சுறியே!" என்று நாட்டாண்மை மைக்கைப் பிடுங்கினார்.

திரும்பி வர வண்டி இல்லை. நடந்தே வந்தான். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோசம்.

"மேஸ்திரி! நான் பாடியும் பிரம்மதேசத்துல ஒரு சொட்டு விழல!"

"எப்படிடா விழும்? அதான் நேத்து சாயங்காலம் இங்க வந்து விழுந்துதே!"

அன்றிலிருந்து கால்வாய் ஓரத்துக் கடைசிப் பாத்தி அவனுக்கு. பக்கத்தில் ஆள் கிடையாது. தனியாக வாரினான், தனியாகக் கஞ்சி குடித்தான். பாட்டு வாய் வரைக்கும் வரும். உதட்டைக் கடித்துக்கொள்வான். காற்று அடிக்கிற திசையில், தூரத்து ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிவார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கடல் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து கொட்டியது. உப்பளத்தில் மழையைப் பார்த்துச் சந்தோசப்பட்ட முதல் ஆள் இருசப்பனாகத்தான் இருக்கும். நனைந்துகொண்டே ஓடினான்.

"மேஸ்திரி! சாமி சத்தியமா நான் வாயே தொறக்கல! இப்ப என்ன சொல்றீங்க?"

தேசப்பன் துண்டால் வாயைப் பொத்தியபடி கரைகிற உப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். உப்புக்கூடையைத் தலையில் கவிழ்த்திருந்த, கூட உப்பு வாரும் சின்னப்பாப்பாதான் கடைசியில் மெல்லச் சொன்னாள்:

"நீ பாடல மாமா. பாட்டில்லாம உப்பு வார்ற பலகையை இழுக்க வரலன்னு, காலையிலேர்ந்து நாங்கதான், மேஸ்திரியும் சேர்ந்து, உன் பாட்டைப் பாடிக்கிட்டிருந்தோம்."