குபேர மூலைக்குப் போன மாத்திரை ஜன்னல்

அடேங்கப்பா, அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தென்னூரில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இலவசமாக மாத்திரை கொடுக்கிற ஒரு தொண்டு நிறுவனம். வாசலில் வரிசையாகக் கார்கள். நோயாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கே.கே. நகரில் வீடு கட்டுகிறவர்கள், கடை ஓடாத வியாபாரிகள், பெண்ணுக்கு வரன் அமையாத அப்பாக்கள். எல்லாரும் வாஸ்து வித்தகர் ஹரிஹரசுதனைப் பார்க்க வந்தவர்கள்.

விஷயம் இதுதான். அங்கே மாத்திரை வாங்கியவர்களில் நிறையப் பேர் பாதியில் வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏன் என்று மேலிடம் கேட்டது. மேலாளர் ஜெய்சங்கர் ரொம்ப யோசித்தார். யோசித்து, நேரே ஸ்ரீரங்கம் போய் வித்தகரை அழைத்து வந்துவிட்டார். நோயாளிகளைக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? பாவம், அவர்களுக்கு என்ன வாஸ்து தெரியும்!

வித்தகர் ஒரு பித்தளைக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டபடி கட்டடம் முழுக்க நடந்தார். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து இருந்த மாத்திரை ஜன்னலைப் பின்சந்துப் பக்கம் மாற்றச் சொன்னார். குபேர மூலையாம். நடுக்கூடத்துச் சுவரில் 'ஆரோக்கியச் சக்கரம்' ஒன்றைப் பட்டுத்துணியால் சுற்றி மாட்டினார். யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சக்தி கசிந்துவிடுமாம்.

அடுத்த மாதமே நின்றவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஜெய்சங்கருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வித்தகரைத் தேடிக் கார்கள் அங்கேயே வர ஆரம்பித்தன. வித்தகருக்கும் தைரியம் வந்து, இனி ராகுகாலத்தில் மாத்திரை கொடுக்கக் கூடாது என்று உத்தரவே போட்டார்.

இங்கேதான் வள்ளிக்கண்ணு மாட்டிக்கொண்டாள். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை. வியாழக்கிழமை மதியம் மட்டும்தான் பர்மிஷன். வியாழன் ராகுகாலமோ ஒன்றரையிலிருந்து மூன்று. மூன்று வரை காத்திருந்தால் வேலை போய்விடும். போன வாரம் வெறுங்கையோடு திரும்பினாள். இந்த வாரம் வந்தபோதும் ஜன்னல் சாத்தியிருந்தது. நேற்று ராத்திரி போட்டதுதான் அவளிடம் இருந்த கடைசி மாத்திரை. விட்டு விட்டுப் போட்டால் கிருமி மறுபடி ஏறும், அப்புறம் அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். கிருமிக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது.

அங்கே ஆலோசகராக இருந்த பானுமதிக்கு அதுவரை இதெல்லாம் வேடிக்கை. சந்தில் முகத்தை மூடிக்கொண்டு நின்ற வள்ளிக்கண்ணுவைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று கூடத்துக்குப் போய், சக்கரத்தில் இப்போது எவ்வளவு சக்தி இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டும்படி வித்தகரைக் கேட்டார். ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார். வித்தகர் குண்டை நீட்டினார். அது கிறுகிறுவென்று சுற்றியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"முழு சக்தியும் இருக்கும்மா. இதனாலதான் அத்தனை பேரும் திரும்பி வந்தாங்க."

பானுமதி ஸ்டூலில் ஏறிப் பட்டுத்துணியை உருவினார். உள்ளே கேன்டீன் எவர்சில்வர் தட்டு. ஓரத்தில் காய்ந்த சாம்பார் வேறு.

சக்கரத்தை மாட்டிய அன்று சாயங்காலமே கழற்றித் தன் டிராயரில் போட்டுவிட்டதாகவும், அன்றிலிருந்து சக்தி கொடுப்பது இந்தத் தட்டுதான் என்றும் பானுமதி சொன்னார். தட்டும் வட்டம்தானே என்று வித்தகர் ஆரம்பித்தார். யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார், அவ்வளவுதான். வித்தகர் குண்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். கார்களும் கிளம்பின.

அப்படியானால் போனவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று ஜெய்சங்கர் அப்பாவியாகக் கேட்டார். பானுமதி அவரைச் சந்து ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து, அதை இங்கே கேளுங்கள் என்றார். வெளியே வள்ளிக்கண்ணு மட்டும் நின்றிருந்தாள்.

"முன்பக்கம் பஸ் ஸ்டாப்புல தெரிஞ்சவங்க நிப்பாங்க சார். பயந்துக்கிட்டு அப்படியே திரும்பிடுவோம். சந்துல யாரும் பார்க்கறதில்ல. கேட்டிருந்தீங்கன்னா அப்பவே சொல்லியிருப்போம்."

ஜெய்சங்கருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ராகுகால உத்தரவு ரத்து என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "நாளையிலேர்ந்து வெச்சுக்கலாம். இன்னிக்கு அஷ்டமி" என்றார்.

வள்ளிக்கண்ணு கம்பிக்குள் கையை நீட்டினாள். "இன்னிக்கு ராத்திரி போடணும் சார்."

சுவர்க் காலண்டரையும் அந்தக் கையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டப்பாவைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

ஐயா, திசைகளுக்கு வாய் கிடையாது. நோயாளிக்கு இருக்கிறது. கேட்கக் காதும் யோசிக்க மூளையும் நமக்கு இருக்கிறதா என்பதுதான் இப்போது எனக்குச் சந்தேகம்.