வெள்ளிக்கிழமைக் கோழியும் கொரியா அண்ணையும்

வாரம் தவறாமல் பொரித்த கோழி வரவழைத்து, அதில் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் குடியிருந்து, அவர் தின்னாத கோழியையெல்லாம் தின்று ஒன்பது கிலோ ஏறியவன் நான். ஆகவே இந்த விஷயத்தில் என் சாட்சியைத் தாராளமாக நம்பலாம்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. மாண்ட்ரியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கொரியா அண்ணை என்றால் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். கனடா வருவதற்கு முன்னால் கொரியாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். இங்கே பிரெஞ்சு வகுப்பில் மூன்று தடவை சேர்ந்து, மூன்று தடவையும் 'போன்ஜூர்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கொரியன் மொழி மட்டும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும். பிரெஞ்சு பேசும் ஊரில் அதை யாரிடம் பேசுவது?

அதற்குத்தான் கோழி. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலையை வாரிக்கொண்டு, கொரியர்கள் நடத்தும் கோழிக்கடைக்குப் போன் போடுவார். நானும், எங்களோடு அதே வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த சுதனும் மூச்சுவிடக் கூடாது. அண்ணை போனில் பேசிக்கொண்டே சுவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிடுவார். சுகம் விசாரிப்பார், முழங்கால் வலி எப்படி என்பார், மழை பனி பற்றியெல்லாம் பேசுவார். இருபதாவது நிமிடத்தில்தான் கோழியின் பெயரே வெளியே வரும்.

"அண்ணை, ஆப்பில ஒருக்கா அமத்தினா வந்திடும். ஏன் இந்தக் கரைச்சல்?" என்று சுதன் கேட்டான்.

"ஆப் என்னோட கதைக்குமோ?" என்றார் அண்ணை.

முதல் வாரம் இவ்வளவு மரியாதை கிடையாது என்று பிறகு அவரே சொன்னார். அவர் படித்த கொரியன் முழுவதும் மேஸ்திரி அவரைத் திட்டிய கொரியன். கடைக்கு முதலில் போன் போட்டபோது, "டேய், நித்திரையா? கெதியாக் கோழியை அனுப்பு!" என்ற தொனியில்தான் வாயில் வந்திருக்கிறது. அந்தக் கடையை நடத்தியது அறுபது வயது அம்மாள். படாரென்று வைத்துவிட்டார். அண்ணை திரும்பப் போட்டார், திரும்பவும் படார். மூன்றாம் தடவை அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்பது எப்படி என்று ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்து, அதை ஐந்து முறை சொல்ல வைத்த பிறகுதான் கோழியை அடுப்பில் போட்டாராம். அன்றிலிருந்து அவர் அண்ணைக்கு 'இமோ'. கொரியனில் சின்னம்மா. எங்களுக்குக் கோழிச் சின்னம்மா.

சரி, வந்த கோழியை ஏன் தின்பதில்லை? நேர்த்தி. ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவியும் மகளும் கனடா வந்து சேரும்வரை மச்சம், அதாவது மீன் இறைச்சி எதுவும், தொடுவதில்லை என்று முருகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்பான்சர் பேப்பர் போட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அண்ணைக்குக் கொரியாவில் உயிராக இருந்ததே இந்தக் கோழிதான். அதையும் சேர்த்தே விட்டார்.

"அப்புறம் ஏன் அண்ணே வாரா வாரம் வாங்குறீங்க?" என்றேன்.

"நேர்த்தி வாய்க்குத்தான் தம்பி. மூக்குக்கும் காதுக்கும் வைக்கேல்லை."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அடுத்த வெள்ளி இமோ கட்டாயம் கேட்பார், போன வாரக் கோழி எப்படி என்று. பதில் சொல்ல வேண்டுமே! நாங்கள் தின்னும்போது அண்ணை எதிரே சோறும் சொதியுமாக உட்கார்ந்து, பக்கத்தில் கொப்பியும் பேனாவும் வைத்துக்கொள்வார்.

"ஒருக்காக் கடிச்சுப்போட்டுச் சொல்லும். தோல் முறுகலோ? உறைப்பு உடனே தெரியுதோ, பேந்து தெரியுதோ?"

"நல்லா இருக்கு அண்ணை" என்பான் சுதன், வாய் நிறைய.

"நல்லா இருக்கு எண்டு நாய்க்குட்டியைச் சொல்லலாம். கோழிக்கு விளக்கம் வேணும்!"

ஒருமுறை நான் விளையாட்டாக உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவைத்தேன். அது போனில் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் கோழியில் உப்பே இல்லை. மாண்ட்ரியலில் இருந்த கொரியர்கள் அத்தனை பேரும் என் வாய்க்கொழுப்புக்காக அன்று சப்பென்று தின்றிருக்கிறார்கள்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு பிப்ரவரி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, எங்கள் மூன்றாம் மாடியின் வெளிப்பக்க இரும்புப் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். கணுக்கால் வரை கோட்டு போட்ட ஒரு குள்ளமான அம்மாள், கையில் கோழிப் பெட்டி. கொண்டுவரும் ஆள் அன்று வரவில்லை. தன் கோழியை இத்தனை நுணுக்கமாகப் புகழும் மனிதரை ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று இமோ தானே வந்துவிட்டார்.

அண்ணை சொதிச் சோறு ஒட்டிய கையோடு எழுந்து, மூன்று தடவை குனிந்தார். இமோ சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்து, பெரிய காலாகப் பார்த்து எடுத்து, நேராக அவர் வாய்க்குக் கொண்டுபோனார். அண்ணை வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கொரியன் பேசும் ஒருவர் முன்னால் அவர் வாயை மூடியதை நான் பார்த்தது அப்போதுதான்.

விளக்கம் சொல்லியாக வேண்டும். திருகாணி, அச்சு, ஓவர்டைம், பாதுகாப்புத் தொப்பி எல்லாவற்றுக்கும் அவருக்குக் கொரியன் தெரியும். நேர்த்திக்குத் தெரியாது. தொழிற்சாலையில் யார் நேர்த்தி வைக்கிறார்கள்? இருந்தாலும் அவர் மலைக்கவில்லை. அன்று நடந்ததை அவரே பின்னால் மொழிபெயர்த்துச் சொன்னபடி எழுதுகிறேன். தன் வாயைத் தொட்டு, "இது மெஷின்" என்றார். கோழியைக் காட்டி, "இந்த லைன் நிறுத்தம்" என்றார். சுவரில் இருந்த முருகன் படத்தைக் காட்டி, "மேனேஜர் உத்தரவு" என்றார். "மனிசியும் பிள்ளையும் வந்து இறங்கினா லைன் திரும்ப ஓடும்."

இமோ முருகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேனேஜருக்கு உரிய மரியாதையோடு குனிந்து வணங்கினார். அடுத்த கேள்வி சூடாக வந்தது: அப்படியானால் தோல் முறுகல் என்று சொன்னது யார்? அண்ணை தலையைக் குனிந்தபடி எங்களைக் காட்டினார். இமோ என் வயிற்றைப் பார்த்தார், நம்பிவிட்டார். கையிலிருந்த காலை சுதன் தட்டில் வைத்தார்.

மகளின் போட்டோவைக் கேட்டு வாங்கினார். மூன்று வயதில் எடுத்தது. பிள்ளைக்கு அப்போது ஏழு முடிந்திருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார். அவர் போன பிறகு கேட்டேன்.

"தானும் மகனை ஊரில விட்டிட்டு ரெண்டு வருஷம் இஞ்ச தனிய இருந்தவவாம்" என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு போனில் இமோவின் முதல் கேள்வி, பேப்பர் வந்ததா என்பதுதான். கோழியோடு அண்ணைக்கென்று தனியாக ஒரு டப்பா வெள்ளை முள்ளங்கி ஊறுகாய் வரும். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை போனையே எடுக்கவில்லை. இன்னும் ஏதோ பத்திரம் வேண்டும், மருத்துவச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஏழு மணிக்குக் கடையிலிருந்தே போன் வந்தது. எனக்குக் கொரியன் தெரியாது, இமோவுக்கு ஆங்கிலம் வராது.

"பேப்பர்?" என்று கத்தினார்.

"நோ பேப்பர்!" என்று நானும் கத்தினேன்.

முக்கால் மணி நேரத்தில் யாரும் கேட்காத கோழி வந்து சேர்ந்தது. அண்ணை எழுந்து வந்து முள்ளங்கியைத் தின்றார். நானும் சுதனும் அன்று கோழிப் பெட்டியைப் பாதியிலேயே மூடிவைத்தோம்.

பேப்பர் அடுத்த இளவேனிலில் வந்தது. வியாழக்கிழமை மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அண்ணை குளித்து, சட்டை மாட்டி, போனை எடுத்தார். இமோ எடுத்துவிட்டார், குரல் கேட்கிறது. இவருக்கு ஒரு சொல் வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடுகிறது. அந்த அமைதியில் மகள் பின்னாலிருந்து, "அம்மா, இவர் ஆரோட கதைக்கிறார்?" என்று கேட்டாள். பிள்ளையின் குரல் போனில் போய் விழுந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இமோ போட்ட சந்தோஷக் கூச்சல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

இரண்டு முழுக் கோழி வந்தது. எனக்கும் சுதனுக்கும் தட்டில் முதலிலேயே வைத்துவிட்டு, அண்ணை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மகளுக்கு அதுவரை அவரைக் கண்டால் கூச்சம். 'அப்பா' என்று கூப்பிடவில்லை, தாயின் பின்னாலேயே நின்றாள். கோழி வாசம் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார வைத்தது. அவர் ஒரு துண்டு கொடுத்தார், தின்றாள். இன்னொன்று கொடுத்தார். தின்றுகொண்டே அவர் தோளில் சாய்ந்தாள்.

"அண்ணே, நேர்த்தி முடிஞ்சிருச்சே, நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

அவர் தோளை அசைக்காமல், உதட்டை மட்டும் அசைத்தார். "சத்தம் போடாதையும் தம்பி. பெட்டி முடிஞ்சா எழும்பிப் போயிடுவாள். இன்னும் நாலு துண்டுதான் இருக்கு."

நான் சுதனைப் பார்த்தேன். இரண்டு பேரும் எழுந்து, எங்கள் தட்டில் கடிக்காமல் இருந்த துண்டுகளையெல்லாம் எடுத்து, அந்தப் பெட்டிக்குள் மெதுவாகத் திரும்ப வைத்தோம்.