லட்சுமணனின் கருநாக்கு

உங்கள் வீட்டுக்காரர் ஒரு பொருளைக் காட்டி, "இதைத் தொடாதே, உடம்பு சரியில்லாம இருக்கு" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நம்பிவிட்டு நகர்வீர்களா, இல்லை அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்ப்பீர்களா? அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த சியாமளா பார்த்தாள். பார்த்துவிட்டு, நம்பியது மாதிரி நகர்ந்தாள்.

அவள் வீட்டுக்காரர் லட்சுமணன் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். மாற்றலாகிப் போன நண்பரின் பழைய கம்ப்யூட்டரை வாங்கி ஹாலில் வைத்திருந்தார். மகள் அனுவின் படிப்புக்கு என்றுதான் பேச்சு. அனு அப்போது ஒன்றாம் வகுப்பு. ஹாலில் இருந்த ப்ளக் பாயிண்ட் என்றோ கருகிப்போனதால், சமையலறையில் மிக்ஸிக்கு இருந்த பாயிண்டிலிருந்து நீளமாக வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார். ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கிக் காபி குடித்ததும் அதன் முன்னால் உட்கார்வார். சாப்பாட்டுத் தட்டு வரும்வரை கிரிக்கெட். தீபாவளிக்குள் இந்தியாவுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிடுவது என்று சபதம்.

அப்படி இருக்கையில்தான் வைரஸ் புகுந்தது. பக்கத்து வீட்டு பிரவின்குமார் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவர். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை ஒழித்துக் கொடுத்தார்.

"வைரஸ் போயிடுச்சு சார். பழைய மெஷின், கிளம்ப நேரம் எடுக்கும். மத்தபடி சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்று சியாமளா கேட்டாள்.

"உன் தம்பி பரணிதரன் கல்யாண சிடி போட்டுக் காட்டினானே, அதுலதான்" என்றார் லட்சுமணன், கண் இமைக்காமல்.

கோபம் வந்தால் சியாமளாவின் பேச்சில் பிறந்த ஊர் அச்சரப்பாக்கம் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. லட்சுமணன் நிம்மதியானார். காபி ஆறும்வரைகூட அந்த நிம்மதி நிலைக்கவில்லை.

"ஏங்க, ஜெசிந்தா டீச்சர் கேட்டாங்க. ஸ்கூல்ல கேள்வித்தாள் தமிழ்ல டைப் அடிக்க ஆள் வேணுமாம். வீட்லயே அடிச்சுக் குடுக்கலாம். நான்தான் மதுராந்தகத்துல தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி வெச்சிருக்கேனே. வர ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், இல்லன்னா வேற ஆளப் பாத்துப்பாங்க."

"நல்லதாச்சே. எப்ப அடிப்ப?"

"பகல்ல எங்க நேரம்? சாயங்காலம் நீங்க வந்ததும் அனுவப் பாத்துக்கங்க. காபி குடுத்துட்டு உக்காந்தா சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

லட்சுமணனின் நெஞ்சுக்குள் பத்து விக்கெட்டும் ஒரே பந்தில் விழுந்தன. அரையிறுதி வேறு பாக்கி.

"அதுல ஒரு சிக்கல். வைரஸ் போயிடுச்சு, ஆனா மிச்சம் இருக்கு."

"மிச்சம்னா?"

"டைஃபாய்டு வந்து போனா முடி கொட்டும், கைகால் ஓயும்ல? அது மாதிரி. பழகின கைதான் தாங்கும். புதுக் கை பட்டா அவ்வளவுதான்."

"ஐயோ பாவம். என்னென்ன பண்ணும்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததை எல்லாம் அள்ளிவிட்டார். "திரையில மவுஸ் அம்பு அசையாம நின்னுடும். திரை ஊதாவாயிடும். ஓடிக்கிட்டு இருக்கறப்பவே பட்டுனு அணைஞ்சிடும்."

"வேற?"

"சிடி தட்டு தானா வெளிய வந்து நிக்கும்."

"வேற?"

"ஏன், இது போதாதா?"

"போதும் போதும்" என்றாள் சியாமளா. "சரியாற வரைக்கும் நீங்களே உக்காருங்க. டீச்சர் கிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் லட்சுமணன் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மவுஸை நகர்த்தினார். அம்பு அசையவில்லை. மேஜையில் தட்டினார். அசையவில்லை. உள்ளங்கையில் வைத்து ஊதினார். திரையின் நடுவில் அம்பு ஆணி அடித்தது போல நின்றது.

"சியாமளா, நீ இதத் தொட்டியா?"

"நீங்கதானே தொடக் கூடாதுன்னீங்க. ஏன், அம்பு நின்னுடுச்சா? சொன்ன மாதிரியே வந்துடுச்சே."

லட்சுமணனுக்குத் திக்கென்றது. அவர் சொன்னது பொய். பொய் எப்படி வரும்?

காலையில் பார்த்தால் அம்பு துள்ளி ஓடியது. பஸ் ஸ்டாப்பில் பிரவின்குமாரைப் பிடித்தார்.

"மவுஸத் திருப்பிப் பாருங்க சார். உள்ள ரப்பர் உருண்டை இருக்கும், அழுக்குச் சேர்ந்திருக்கும்."

வீடு திரும்பியதும் திருப்பிப் பார்த்தார். உருண்டை அதன் குழியில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. மகிழ்ச்சியோடு ஆட்டத்தைத் தொடங்கினார். மைதானம் ஊதாவாக வந்தது. புல் ஊதா, பேட்ஸ்மேன் முகம் ஊதா, நடுவர் உடம்பு முக்கால்வாசி ஊதா. மானிட்டர் மண்டையில் இரண்டு தட்டு தட்டினார். ஊதா போகவில்லை. லட்சுமணன் முகத்தில்தான் நிறம் போனது.

"மானிட்டருக்கு வயசாயிடுச்சு சார்" என்றார் பிரவின்குமார் மறுநாள்.

"வயசானது ஒரு ராத்திரில திரும்ப இளமையாகுமா தம்பி? காலைல பச்சையா வருதே."

பிரவின்குமார் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் கடைசி ஓவர். ஒரு சிக்ஸர் அடித்தால் இறுதிப் போட்டி. பந்து வந்தது, மட்டையை ஓங்கினார், கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடி நின்று தேங்காய் சட்னி வாசனை வந்தது.

சூடாகியிருக்கும் என்று பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த விசிறியை ஊதினார். கடற்காற்று பல வருஷமாகச் சேர்த்து வைத்த தூசி மொத்தமும் அவர் மூஞ்சிக்கு வந்தது. தும்மித் தும்மி ஓய்ந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. அம்பு, ஊதா, அணைதல். சொன்ன வரிசைகூட மாறவில்லை. அவருடைய பெரியப்பா ஒருவருக்குக் கருநாக்கு என்பார்கள். அவர் "இந்தக் கன்னுக்குட்டி தேறாது" என்றால் தேறாதாம். கல்யாண வீடுகளில் அவர் வாயைத் திறக்கும் முன்பே லட்டு வைத்து அடைத்துவிடுவார்களாம்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று லட்சுமணன் நாக்கை நீட்டினார்.

நாக்கு கருநீலமாக இருந்தது. நுனியிலிருந்து தொண்டைக்குழி வரை.

அவர் கையிலிருந்த சோப்பு நழுவி வாளியில் விழுந்தது. நல்ல மனுஷன், காபியோடு அன்றைக்குச் சியாமளா ஒரு கிண்ணம் நிறைய நாவல்பழம் கொடுத்ததை அடியோடு மறந்துவிட்டார்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று வெளியே வந்து, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்: "இன்னைக்கு சாம்பார்ல உப்பு கரிக்கும்னு நினைக்கிறேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. சாம்பார் கடல் தண்ணீராக இருந்தது. லட்சுமணன் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்தார்.

அதற்கப்புறம் அவர் வாய் திறக்கவே இல்லை. ஆபீஸில் மேலதிகாரி ஜானகிராமன், "எப்படிய்யா இருக்கேன், இளைச்சிட்டேனா?" என்று கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தார். வீட்டில் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு சிடி தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை தாங்கவில்லை.

"சியாமளா, நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"மிச்சம்னு ஒண்ணும் இல்ல. நானா சொன்னேன். நான் சொன்னதுதான் இப்ப நடக்குது. எனக்குக் கருநாக்கு."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அரையிறுதி."

"அந்த வைரஸு?"

லட்சுமணன் தரையைப் பார்த்தார். "மாமல்லபுரத்துல பிளாட்பாரத்துல ஒரு கிரிக்கெட் சிடி வாங்கினேன். அதுல வந்தது."

"அப்ப என் தம்பி மேல பழி போட்டுக்கினு கீறியே, இன்னா மன்ஷன்யா நீ?"

அச்சரப்பாக்கம் வந்துவிட்டது. லட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சியாமளா உடனே தணிந்துவிட்டாள்.

"சரி விடுங்க. சொன்ன வாயாலயே மாத்திச் சொன்னா சரியாயிடும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. டப்பா மேல கைய வைங்க. நான் சொல்லச் சொல்ல சொல்லுங்க. இந்தக் கம்ப்யூட்டர் நல்லா ஓடும்."

"நல்லா ஓடும்."

"சாயங்காலத்துல சியாமளா டைப் அடிச்சா ஒரு குறையும் வராது."

"வராது."

"நான் அனுவுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருவேன். நடுவுல எழுந்திருக்க மாட்டேன்."

"இதுவும் சொல்லணுமா?"

"தட்டு வெளிய வர மாதிரி இருக்கு பாருங்க."

"மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா டீச்சரிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை சியாமளா உட்கார்ந்தாள். அம்பு ஓடியது. திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. வேளாண்மை என்றால் என்ன, இரண்டு மதிப்பெண் என்று அவள் விரல்கள் மழை மாதிரி பொழிந்தன. லட்சுமணனுக்கு மெய்சிலிர்த்தது. தன் நாக்குக்கு இத்தனை சக்தியா?

அப்போது அனு சொன்னாள்: "அப்பா, அம்மா குடுத்த பந்து மறுபடி வேணும்ப்பா. சாம்பல் கலர்ல, குட்டியா. போன வாரம் சாயங்காலம் விளையாடக் குடுத்தாங்க. அப்புறம் வாங்கி எலிக்குள்ள போட்டுட்டாங்க."

லட்சுமணன் பென்சிலைக் கீழே வைத்தார். மவுஸைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பழைய ரேடியோவின் ஸ்பீக்கர் ஒன்று துணி சுற்றிக் கிடந்தது. அந்த ஸ்பீக்கரின் காந்தம் பட்டு டிவி ஊதாவானபோது போன வருஷம் அவரே அனுவைத் திட்டியிருக்கிறார். சமையலறைக்கு நீண்ட வயரைக் கண்ணாலேயே தொடர்ந்து மிக்ஸி வரைக்கும் போய்த் திரும்பினார்.

"நாவல்பழம்" என்றார் மெதுவாக.

"இனிப்பா இருந்துச்சு இல்ல?" என்றாள் சியாமளா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரவின்குமார் அன்னைக்கே மாடிப்படியில சொல்லிட்டாரு, மெஷின் சுத்தம்க்கா, எல்லாம் சார் வாங்கின சிடியால வந்ததுன்னு. அந்த சிடி தட்ட தானா வெளிய வர வைக்கறதுதான் எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடல. கொஞ்சம் சுலபமா ஏதாவது சொல்லியிருக்கலாம் நீங்க."

லட்சுமணன் வாயைத் திறந்தார்.

"வாய் திறந்ததுதான் திறந்தீங்க" என்றாள் சியாமளா. "நம்ம பழைய கிரைண்டரு இனிமே ஓடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். தீபாவளிக்குப் புதுசு வாங்கணும்."