வாய் திறக்காப் போராட்டம்

மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குக் குடிபோன அன்றே தலைவர் முடிவெடுத்துவிட்டார்: போராட்டம்!

ஆலைச் சங்கத்தில் முதலாளியையே இறங்கிவரச் செய்தவர். கூட நின்றவர்கள் பதவிக்குப் போனார்கள். இவருக்கு மிஞ்சியது 'தலைவர்' என்ற பட்டப்பெயரும் தாடைவலியும்தான்.

குற்றச்சாட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்பது.

"மாவு மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்குங்க."

"அவதூறு! சாட்சி உண்டா?"

"காலையில வாயைத் திறந்தா காதோரம் 'டக்'குனு சத்தம் வருதே, அதுதான் சாட்சி."

பல் டாக்டரும் அவள் கட்சிக்குத் தாவிவிட்டார். தூங்கும்போது பல்லைக் கடிக்கிற அழுத்தம் தாடை மூட்டையும் வதைக்குமாம். படுக்கும்போது பல்லில் மாட்ட ஒரு தகடு கொடுத்தார். கொஞ்ச நாள் முழங்காமல் தாடைக்கு ஓய்வு கொடுக்கவும் சொன்னார்.

"எத்தனை மேடை பார்த்த தாடை! தகட்டுக்கா அடங்கும்?" அலமாரிக்குள் எறிந்தார்.

ஆனால் பக்கத்தில் வெறும் மெத்தை. சிறையில்கூட இப்படி ஏங்கியதில்லை. உறக்கத்தில் அவர் தோளில் வந்து விழும் அந்தக் கை, தையல் ஊசி குத்திக் காய்த்துப்போன அந்த விரல்... கூடத்தில் அவள் இருமினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

காலையில் அறிவித்தார்: "நீ திரும்பி வர்ற வரைக்கும் இந்த வீட்டுல வாயே திறக்கமாட்டேன்!"

"ஐயையோ, அப்படிப் பண்ணிடாதீங்க!" அவள் குரல் நடுங்கியது. தலைவருக்கு உள்ளுக்குள் வெற்றி ஊர்வலம்.

பேசவில்லை. குழைந்த சோற்றை மட்டும் விழுங்கினார். சில நாளில் 'டக்' சத்தம் காணாமல் போனது. வலியும் குறைந்தது.

ஓர் இரவு, படுக்கப்போகும் நேரம், சன்னல் வழியே மனைவி எதிர்வீட்டு அக்காவிடம் சொல்வது காதில் விழுந்தது.

"பேசாதீங்கன்னு நான் சொல்லியிருந்தா மைக் வச்சுல்ல பேசியிருப்பாரு? அதான் 'பண்ணிடாதீங்க'ன்னு கெஞ்சினேன்."

தலைவர் கொதித்தெழுந்தார். வாயைத் திறப்பதற்குள் அவள் தலையணையோடு உள்ளே வந்தாள்.

"கோரிக்கையை ஏத்துக்கிட்டேங்க. ஒரே நிபந்தனை, தகட்டை மாட்டணும்."

தலையணை அவருடையதை ஒட்டி வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. மாட்டினார். படுத்தார். தோளில் அந்தக் கை விழுந்தது.

"இப்ப நான் பேசறேன், கேளுங்க. நம்ம கல்யாணத்தன்னிக்கு உங்க அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா..."

பதில் அவரிடம் இருந்தது. சொல்லத் தகட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கை போய்விடும்.

"ம்ம்," என்றார் தலைவர்.