மூன்று கேள்விகளும் ஒரு சுழல் நாற்காலியும்

வரவேற்பறைப் பெண்ணிடம் அடிக்கோட்டார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "உங்க அங்கீகாரத்தைப் பத்தி விசாரிக்கணும். யாரைப் பாக்கணும்?"

அவள் உதட்டில் சிரிப்பு அப்படியே நிற்க, கண்கள் மட்டும் அவருடைய டைக்கும் ஃபைலுக்கும் போய் வந்தன. "உக்காருங்க சார்" என்று எழுந்தவள் நடக்கவில்லை, ஓடினாள்.

அடிக்கோட்டார் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் உதவி மேலாளர். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் ஸ்கேல் வைத்து வரிக்கு வரி சிவப்புக் கோடு போடுவார் என்பதால் வந்த பெயர். அவருடைய மகளுக்கு இரண்டு இடத்தில் எம்.பி.ஏ. சீட் கிடைத்திருந்தது. ஒன்று, காரை பெயர்ந்த பழைய கல்லூரி. இன்னொன்று, வாசலிலேயே நீரூற்று வைத்த இந்த மேலாண்மைப் பள்ளி. பழைய கல்லூரி சீட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். மகள் அங்கே கவுண்டர் வரிசையில் நிற்கிறாள், அப்பா சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காக.

கிளம்பும்போது அவளுக்குப் பாடமும் நடத்திவிட்டுத்தான் வந்திருந்தார். "விளம்பரத்தை நம்பாதம்மா. அங்கீகாரம் குடுத்தது யாரு, எதுவரைக்கும் செல்லும், மொத்தப் பள்ளிக்கா இல்ல நீ படிக்கப்போற பட்டத்துக்கா, இந்த மூணையும் கேக்கணும். குடுத்தவங்க இணையதளத்துலயே போய்ப் பாக்கணும்."

அவள் பார்த்தாள். உலக மேலாண்மைத் தரக் கவுன்சில் என்ற ஒன்றின் தளத்தில், இந்தப் பள்ளிக்கு எதிரே 'நேரடி ஆய்வு நிலுவையில்' என்று இருந்தது. ஆய்வு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கத்தான் அவர் வந்தது.

கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டே டைரக்டர் ஓடி வந்தார். "நாளைக்குத்தான் வருவீங்கன்னு நெனச்சோம் சார்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் சுழல் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

ஆள் மாறிப்போயிற்று, தன்னைக் கவுன்சில் அனுப்பிய ஆய்வாளர் என்று நினைத்துவிட்டார்கள் என்று அடிக்கோட்டாருக்கு அப்போதே புரிந்தது. ஆனால் அலுவலகத்தில் அவருடைய நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது. வீட்டில் அவர் நாற்காலிமேல் எப்போதும் துவைத்த துணி. இதுவோ சாயச் சாயத் தாங்கியது. ஒரு வாய் டீ குடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

டீ வந்தது. வந்த காரியத்தையாவது முடிப்போமே என்று கேட்டார். "இந்த அங்கீகாரம் எதுவரைக்கும் செல்லும்?"

"அத நீங்கதான் சார் எழுதணும்."

டீ புரையேறியது. இனித் தாமதித்தால் வம்பு என்று கோப்பையைக் கீழே வைத்தார். "சார், நான் என் பொண்ணோட எம்.பி.ஏ. சீட் விஷயமா வந்தவன்."

டைரக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலும் இறங்கியது. "இதுக்குப் போயா சார் தயங்குனீங்க? உங்க பொண்ணு எங்க பொண்ணு. ஸ்காலர்ஷிப்போட போட்டுடலாம்."

உண்மையைச் சொல்லப்போய் லஞ்சம் கேட்டவராகிவிட்டார்.

சரி, குறை சொல்லியே தப்பிப்போம் என்று கிளம்பினார். நூலகத்தில் புத்தகம் போதாது என்றார். அடுத்த அறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அலமாரி நிரம்பியிருந்தது. அடுத்த அறை அலமாரி காலியாகியிருந்தது. ஒரு வகுப்பில் கணக்கியல் நடத்திய பேராசிரியர், மறு வகுப்பில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சந்தையியல் நடத்தினார். அதையும் விடாமல் சொன்னார். இவ்வளவு கறாரான ஆய்வாளரைக் கண்டதே இல்லை என்று டைரக்டர் உருகினார். அடிக்கோட்டாரின் நெஞ்சு, அவரைக் கேட்காமலே இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. அடுத்து கழிப்பறைக் குழாயை அவரே திறந்து பார்த்தார்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மகள். ஆய்வாளர் ஆய்வின் நடுவே போன் எடுப்பாரா? எடுக்கவில்லை.

கடைசியில், தட்டச்சு செய்து தயாராக இருந்த அறிக்கையை முன்னால் வைத்தார்கள். பேனா நீட்டியபடியே டைரக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "போன மாசம் ஒருத்தன் ஆய்வாளர்னு சொல்லி ஏமாத்த வந்தான் சார். நேரா போலீஸ்தான்."

அடிக்கோட்டார் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். பயத்தில் தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாமல், ஃபைலிலிருந்து ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வரிக்கு வரி கோடும் போட்டார்.

பள்ளியின் காரிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். நீரூற்றைத் தாண்டிப் பாதி வழி வந்தபோது மகளின் போன் மறுபடி அதிர, எடுத்தார்.

"எங்கப்பா போனீங்க? அங்கீகாரம் வந்துடுச்சு. கவுன்சிலோட தளத்துலயே பாத்தேன், நீங்க சொன்ன மாதிரி. அறிக்கையோட கடைசிப் பக்கம்கூடப் போட்டிருக்காங்க. ஆய்வு பண்ணுனவரு வரிக்கு வரி சிவப்புல கோடு போட்டிருக்காருப்பா, உங்கள மாதிரியே பொறுப்பான ஆளு. எனக்கு முன்னாடி ஒருத்தர்தான் நிக்கிறாங்க. இந்தச் சீட்டை விட்டுடட்டுமா?"

நாற்காலி, ஸ்காலர்ஷிப், போலீஸ், எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. மகளிடம் இருபது வருடமாகச் சேர்த்து வைத்த மரியாதையும் சுற்றியது.

"விட்டுடாதம்மா," என்றார். "அந்தக் கோடு நான் போட்டது."

மறுமுனையில், "அடுத்து யாரு?" என்ற கவுண்டர்க் குரலும், "சீட் எனக்கு வேணும் மேடம்" என்ற மகளின் குரலும் கேட்டன. போன் கட்டானது.

அடிக்கோட்டார் டையைத் தளர்த்தினார். "ஆள் மாறாட்டம். உள்ள போட்டுடுவாங்க" என்று தனக்குத்தானே முனகினார்.

டிரைவர் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தார்.

"பயப்படாதீங்க சார். இந்த வண்டியில நான் வீட்டுல கொண்டுபோய் விட்ட ஆய்வாளருங்க அத்தனை பேரும் பிள்ளைக்குச் சீட்டு விசாரிக்க வந்தவங்கதான்."